சுருளுக்கு எவ்வளவு, சத்தத்துக்கு எவ்வளவு

போன வாரம் வரை வீட்டில் மூன்று மாண்டலின்கள் இருந்தன. இரண்டு என்னுடையவை. மூன்றாவது ஒரு நண்பனுடையது. இரண்டு வாரத்தில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டுப் போனவன் நான்கு மாதமாகியும் வரவில்லை. வராததும் நல்லதாகப் போயிற்று. இந்த மூன்றையும் ஒரே அறையில் வைத்து, அவசரமில்லாமல் மாற்றி மாற்றி வாசித்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு இதற்கு முன்பு அமைந்ததில்லை.

மூன்றும் கையால் செதுக்கியவை. ஒன்று ஏ வடிவம், அதாவது கண்ணீர்த்துளி மாதிரி எளிமையான உடம்பு, நடுவில் ஓவல் துளை. இரண்டாவதும் ஏ வடிவம்தான், ஆனால் வயலினில் இருப்பதுபோல இரண்டு எஃப் துளைகள். நண்பனுடையது எஃப் வடிவம்: எஃப் துளைகள், தோளில் ஒரு சுருள், கீழே இரண்டு கூர்முனைகள், தலையிலும் ஒரு சுருள். என்னுடைய இரண்டையும் விற்றாலும் அவனுடைய ஒன்றை வாங்க முடியாது. அந்த வித்தியாசம் எதற்காக என்பதுதான் இந்த நான்கு மாதமாக என்னைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் மாண்டலின் இந்த மூன்றில் இல்லை. பல வருஷத்துக்கு முன்னால் வாங்கியது. அதற்கும் சுருள் இருந்தது. சிவப்பும் கறுப்புமாகப் பளபளத்தது. மேற்பலகை செதுக்கியது அல்ல, பிளைவுட்டை அச்சில் வைத்து அழுத்தி வளைத்தது. அது அப்போது எனக்குத் தெரியாது. பூச்சை நகத்தால் தட்டினால் பிளாஸ்டிக் டப்பா மாதிரி டக் டக் என்றது. மூன்று மாதம் வாசித்துவிட்டு, நம் விரலில்தான் நாதம் இல்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டியிருந்தேன். அப்புறம் ஒருநாள், கீறலும் தேய்மானமுமாக இருந்த ஒரு பழைய ஏ மாண்டலின் கையில் கிடைத்தது. ஜி தந்தியை ஒரு தட்டுத் தட்டினேன். பின்பலகை என் வயிற்றில் அதிர்ந்தது. என் விரல்மேல் நான் சுமத்தியிருந்த குற்றச்சாட்டு அந்த நொடியில் தள்ளுபடியானது.

ஆகவே விலை ஏறும்போது சத்தமும் ஏறுகிறதா என்று கேட்டால், ஒரு இடம் வரை ஏறுகிறது, சந்தேகமே இல்லை. அந்த முதல் பெரிய படி பிளைவுட்டிலிருந்து செதுக்கிய கட்டைக்குப் போவது. செதுக்கிய மேற்பலகை என்றால், ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் தடித்த துண்டை இரண்டாகப் பிளந்து, புத்தகத்தைத் திறந்து வைத்த மாதிரி பக்கவாட்டில் ஒட்டி, வெளிப்பக்கம் மேடாகவும் உள்பக்கம் குழிவாகவும் செதுக்கி எடுப்பது. நடுவில் நான்கைந்து மில்லிமீட்டர் கனம் இருக்கும். ஓரத்துக்கு வர வர மெலிந்து, விளிம்புக்குச் சற்று முன்னால் ஒரு மெல்லிய பள்ளமாக இறங்கி மறுபடி ஏறும். நாலு ஜோடியாக உள்ள எட்டுத் தந்திகளின் இழுவிசை மொத்தம் 80 கிலோவை நெருங்கும். அதைத் தாங்கவும் வேண்டும், ஒரு சின்னத் தட்டுக்கு அதிரவும் வேண்டும். கனமாக விட்டால் ஊமை, அதிகமாக இழைத்தால் சில வருஷத்தில் அமுங்கிப் போகும். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒரே மாதிரி இருப்பதில்லை. அதனால்தான் செய்கிறவர் தட்டிக் கேட்டும் வளைத்துப் பார்த்தும் அந்தப் பலகைக்கு எது போதும் என்று நிறுத்துகிறார். கைவினை என்ற சொல்லுக்கு நான் கொடுக்கும் காசு இந்த நிறுத்தத்துக்குத்தான். முரட்டுச் செதுக்கலை இயந்திரம் செய்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. பல நல்ல பட்டறைகளில் அப்படித்தான் நடக்கிறது. கடைசி அரை மில்லிமீட்டரில் ஒரு மனிதக் காது இருந்ததா என்பதுதான் விஷயம்.

மாண்டலின் என்றதும் நம்மில் பலருக்கு யு. ஸ்ரீநிவாஸ் நினைவுக்கு வருவார். அவர் கையில் இருந்தது மின்சார மாண்டலின், ஜோடித் தந்திகளுக்குப் பதில் ஒற்றைத் தந்திகள் ஐந்து. அதில் நாதம் பிறக்கும் இடமே வேறு, அதனால் இங்கே அதைப் பற்றிப் பேசவில்லை. அதேபோல நேப்பிள்ஸின் வினாச்சா, கலாச்சே குடும்பத்துப் பட்டறைகள் செய்த, பானை முதுகு வைத்த இத்தாலிய மாண்டலின்களையும் விட்டுவிடுகிறேன். அவை தனி உலகம். இப்போது நாம் ஏ, எஃப் என்று சொல்கிற இரண்டும் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவில் இருந்த ஆர்வில் கிப்ஸனிடமிருந்து வந்தவை. வயலினைப்போல மேலும் கீழும் செதுக்கிய மாண்டலினுக்கு அவர் 1898இல் காப்புரிமை வாங்கினார். அவர் பெயரில் கம்பெனி 1902இல் ஆரம்பித்தது. சுருளும் அவருடைய ஆசைதான்.

சரி, அந்தச் சுருள் என்னதான் செய்கிறது? இன்றைய எஃப் மாண்டலின்களில் பெரும்பாலும் அது உள்ளே திடமான கட்டை. காற்று போவதில்லை, பலகை அதிர்வதில்லை. கூர்முனைகளும் அப்படியே. தோள்வாரை மாட்ட அது ஒரு நல்ல கொக்கி என்பதை ஒப்புக்கொள்கிறேன். உட்கார்ந்து வாசிக்கும்போது கீழ்முனை தொடையில் நழுவாமல் நிற்கும், அதுவும் சௌகரியம்தான். ஆனால் அதைச் செய்வதற்கு ஆகும் நேரத்தை யோசித்துப் பாருங்கள். பக்கப்பலகையைச் சூடாக்கி அந்த இறுக்கமான வளைவுக்குள் கொண்டுபோக வேண்டும், வரி விழுந்த மேப்பிள் மரம் அங்கேதான் முறியும். சுருளின் உள்மடிப்பில் உளி நுழையாது, விரல் நுனியில் உப்புத்தாளைச் சுற்றி மணிக்கணக்காகத் தேய்க்க வேண்டும். ஓரத்தில் ஓடும் மெல்லிய வெள்ளைப் பட்டையை அந்தச் சுழியின் மையம் வரை வளைத்து ஒட்டி, முனைகளில் கோணம் சேர்த்து முடிக்க வேண்டும். நண்பனுடையதில் அந்த முனையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இரண்டு பட்டைகள் சேரும் இடத்தில் ஒரு முடி இடைவெளிகூட இல்லை. இது வேலைப்பாடு. இதற்குக் கூலி கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. நாதத்துக்கான கூலி என்று நினைத்துக்கொண்டு கொடுத்தால்தான் வம்பு.

துளை விஷயம் வேறு. ஓவலுக்கும் எஃப் துளைக்கும் உள்ள வித்தியாசம் காது உள்ள யாருக்கும் கேட்கும். என் ஓவல் மாண்டலினில் ஜி ஜோடியைத் தட்டினால் சத்தம் அகலமாக, கொஞ்சம் மந்தமாக எழும்பி, கார்வை நீண்டு நிற்கும். தனியாக, சாவகாசமாக ஒரு மெட்டை வாசிக்க அதைவிட இன்பமான வாத்தியம் என்னிடம் இல்லை. ஆனால் நாலு பேர் சேர்ந்து வாசிக்கும்போது அந்த இனிமை மற்றவர்களுடைய சத்தத்தில் கரைந்துபோகிறது. எஃப் துளைக்காரர்கள் நேரெதிர். சத்தம் சட்டென்று முன்னால் பாய்ந்து, சட்டென்று முடியும். புளூகிராஸ் என்ற அமெரிக்க இசை வகையை வாசிக்கிறவர்கள் 'சாப்' என்று ஒன்று அடிப்பார்கள். நாலு ஜோடியையும் ஒரே வீச்சில் அடித்து, இடதுகை விரலை உடனே தளர்த்தி, தாளத்துக்கு 'சக்' என்று ஒரு வெட்டு. அதை ஓவலில் அடித்தால் தலையணையை அடித்த மாதிரி இருக்கும். எஃப் துளையில் அடித்தால் உலர்ந்த கட்டை முறிகிற மாதிரி சுள்ளென்று இருக்கும்.

இதற்குக் காரணம் துளையின் வடிவம் மட்டும் என்று நினைத்திருந்தேன். இல்லை. 1922இல் கிப்ஸன் கம்பெனி எஃப்-5 மாதிரியைக் கொண்டுவந்தபோது, அதை உருவாக்கியதில் முக்கியமானவரான லாயிட் லோர் ஒரே சமயத்தில் பலதை மாற்றிவிட்டார். அதற்கு முந்தைய எஃப்-4இல் கழுத்து 12ஆவது ஃபிரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த 12ஆவது உலோகப் பட்டையில், உடம்போடு சேரும். எஃப்-5இல் 15ஆவது ஃபிரெட்டில். தந்தியின் நீளம் மாறாமல் கழுத்து மட்டும் வெளியே நீண்டதால், தந்திகளைத் தாங்கும் குதிரை உடம்பின் நடுப்பகுதிக்கு நகர்ந்து வந்தது. அதன் இருபுறமும் எஃப் துளைகள், மேற்பலகைக்கு அடியில் நீளவாக்கில் டோன் பார் எனப்படும் இரண்டு மரச்சட்டங்கள், பலகையைத் தொடாமல் தூக்கி நிறுத்திய விரல்பலகை. இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்தச் சத்தம். கவனியுங்கள், இதில் எதுவும் சுருளைச் சார்ந்ததில்லை. இவ்வளவையும் ஏ உடம்பிலும் செய்யலாம். என் இரண்டாவது மாண்டலின் அப்படிச் செய்ததுதான்.

இனி சோதனைக்கு வருகிறேன். என் தங்கை மேற்கத்திய வயலின் கற்றவள். வயலினுக்கும் மாண்டலினுக்கும் சுருதி ஒன்றே, ஜி-டி-ஏ-ஈ. அதனால் அவளுடைய இடதுகைக்கு மாண்டலின் புதிதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். மூன்றிலும் முந்தின நாளே ஒரே வகைத் தந்தி மாற்றியிருந்தேன், பாஸ்பர் வெண்கலம், கனம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் 11-15-26-40. இதைச் செய்யாமல் ஒப்பிடுவது வீண்வேலை. புதுத் தந்திக்கும் இரண்டு மாதத் தந்திக்கும் உள்ள வித்தியாசம், இரண்டு நல்ல மாண்டலின்களுக்கு இடையே உள்ளதைவிடப் பெரியது. தந்தியைத் தட்டும் பிக்கும் ஒன்றே, 1.4 மில்லிமீட்டர். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அவள் சீட்டுக் குலுக்கி, வந்த வாத்தியத்தை எடுத்து, அதே எட்டு வரி மெட்டை வாசிப்பாள். ஒவ்வொன்றும் நாலு தடவை, மொத்தம் 12. நான் காகிதத்தில் எழுதிக்கொள்வேன்.

ஓவலை நாலு தடவையும் சரியாகச் சொன்னேன். அதில் பெருமை ஒன்றுமில்லை. எஃப் துளைக்காரர்கள் இரண்டையும்கூடப் பிரித்துச் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஒன்று முழுசாக, கம்பீரமாக இருந்தது. இன்னொன்று மேல் ஸ்தாயியில் மெலிந்து, டி ஜோடியில் மூக்கால் பாடுகிற மாதிரி இருந்தது. கம்பீரமானதற்கு நேரே 'சுருள்' என்று எழுதினேன். மூக்கால் பாடுவதற்கு நேரே 'என்னுடையது' என்று எழுதினேன், கொஞ்சம் வருத்தத்தோடு. தங்கை காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். எட்டும் தலைகீழ். "அண்ணா, நீ சத்தத்தை எழுதினியா, விலையை எழுதினியா?"

இந்த இடத்தில் கட்டுரையை முடித்து, பாருங்கள், விலை அதிகமானது மட்டம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். என் வாத்தியம் ஜெயித்த சந்தோஷம் வேறு. ஆனால் அந்த மூக்குச் சத்தம் உறுத்திக்கொண்டே இருந்தது. அவ்வளவு சுத்தமாகச் செய்த வாத்தியம் அப்படிப் பாடக்கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் வாத்தியங்களைப் பழுது பார்ப்பவர். போனில் கூப்பிட்டுச் சொன்னேன். எந்தக் கேள்வியும் கேட்காமல், "தம்பி, குதிரைக் காலுக்கு அடியில ஒரு காகிதத்தை நுழைச்சுப் பாருங்க" என்றார்.

மாண்டலினில் குதிரை ஒட்டப்பட்டிருக்காது. தந்திகளின் அழுத்தம் ஒன்றுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கருங்காலியில் இரண்டு துண்டு. கீழ்த்துண்டு மேற்பலகையின் வளைவில் உட்கார்ந்திருக்கும், மேல்துண்டு இரண்டு சின்னத் திருகுச் சக்கரங்களின் மேல் நிற்கும். அந்தக் கீழ்த்துண்டின் அடிப்பக்கம் பலகையின் வளைவோடு முழுக்கப் பொருந்தியிருக்க வேண்டும். நண்பனுடையதில் சாதாரண எழுதும் தாள் ஒன்றை நுழைத்தேன். ஈ தந்திப் பக்கக் காலுக்கு அடியில் கிட்டத்தட்டப் பாதி தூரம் சுலபமாகப் போய்விட்டது. விளக்கைப் பின்னால் பிடித்துப் பார்த்தால் ஒளிக்கீற்று தெரிந்தது. காலின் முன்விளிம்பு மட்டும்தான் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வாங்கியபோதிருந்த குதிரையை நண்பன் எப்போதோ மாற்றியிருக்கிறான், அடியைப் பொருத்தாமல் அப்படியே வைத்துவிட்டான். பெரியவரிடம் சொன்னேன். "குதிரை நொண்டினா வண்டி எப்படிங்க ஓடும்?" என்றார்.

நண்பனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். ஆரம்பத்திலேயே ஒரு முட்டாள்தனம் செய்தேன். எட்டுத் தந்திகளையும் ஒரேயடியாகத் தளர்த்திவிட்டேன், குதிரை பொத்தென்று விழுந்தது, எங்கே இருந்தது என்று குறித்து வைக்கவில்லை. பிறகு 12ஆவது ஃபிரெட்டின் மேல் தந்தியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அதே ஃபிரெட்டை அழுத்திய சுரத்தையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு இடத்தைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. இடம் கிடைத்ததும் பலகையின் மேல் உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே பார்க்க விரித்து, அசையாமல் டேப் ஒட்டி, அதன் மேல் குதிரையின் கீழ்த்துண்டை வைத்துத் தேய்த்தேன். பலகையின் வளைவே குதிரைக்கு அச்சாகிறது. முன்னும் பின்னும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, சாய்க்கக்கூடாது. முதலில் 120 எண் தாள், பிறகு அதைவிட நைஸான 220. இடையிடையே கார்பன் தாளை வைத்து அழுத்திப் பார்த்தால் எங்கே தொடுகிறது என்று கறை சொல்லும். முதலில் ஓரத்தில் ஒரு கோடு. அப்புறம் இரண்டு திட்டு. மாலை ஆறு மணிக்கு அடி முழுக்க ஒரே சீராகக் கறுப்பு. விரல் நுனியெல்லாம் கருங்காலித் தூள்.

தந்தி ஏற்றிச் சுருதி சேர்த்து ஒரு தட்டுத் தட்டினேன். சளி பிடித்தவனுக்கு மூக்கு திறந்த மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிறு மறுபடி சோதனை. ஓவல் நாலுக்கு நாலு. எஃப் துளைக்காரர்கள் இரண்டும் சேர்ந்து எட்டு முறை வந்தன. எட்டில் நாலு சரி, நாலு தப்பு. காசைச் சுண்டி எழுதியிருந்தாலும் அதே மதிப்பெண் வந்திருக்கும். எது பிடித்திருக்கிறது என்பதற்கும் தனியாக ஒரு குறி போட்டு வந்தேன், அதிலும் சமம். வீட்டில் நடந்த விளையாட்டை நான் ஆராய்ச்சி என்று சொல்லவில்லை. ஆனால் வயலினில் இதை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் கிளாடியா ஃப்ரிட்ஸ் என்ற ஒலியியல் ஆய்வாளரும் அவருடைய குழுவும் 21 வயலின் கலைஞர்களுக்கு இருட்டுக் கண்ணாடி மாட்டி ஆறு வயலின்களைக் கொடுத்தார்கள். மூன்று புதியவை, மூன்று புகழ்பெற்ற பழைய இத்தாலிய வயலின்கள்: இரண்டு ஸ்டிராடிவேரியஸ், ஒன்று குவார்னேரி. மர வாசனையை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று தாடை வைக்கும் இடத்தில் வாசனைத் திரவியம்கூடத் தடவினார்கள். பெரும்பாலோரால் பழையது எது, புதியது எது என்று சொல்ல முடியவில்லை. அதிகம் பிடித்தது ஒரு புதிய வயலின். மிகக் குறைவாகப் பிடித்தது ஒரு ஸ்டிராடிவேரியஸ்.

மரம், பூச்சு பற்றி அதிகம் பேசப்போவதில்லை. மேற்பலகைக்கு ஸ்புரூஸிலேயே பல வகை: சிட்கா, எங்கெல்மன், செம்பட்டை ஸ்புரூஸ் எனப்படும் ஆடிரண்டாக். எங்கெல்மன் மென்மையாகப் பேசும், ஆடிரண்டாக் பலமாக அடித்தாலும் உடையாமல் தாங்கும் என்பார்கள். பொதுப்போக்காக அது சரியாக இருக்கலாம், ஆனால் கையில் இருக்கும் ஒரு வாத்தியத்தைப் பற்றி அது எனக்கு எதுவும் சொன்னதில்லை. பின்பலகை மேப்பிளில் ஓடும் புலிவரி கண்ணுக்கு விருந்து, காதுக்குப் பட்டினி. பழைய கிப்ஸன் ஏக்கள் பலவற்றின் முதுகு வரியே இல்லாத பிர்ச் மரம். அவை இன்றைக்கும் பாடுகின்றன. பூச்சு மெல்லியதாக இருந்தால் நல்லது, அவ்வளவுதான். மூட்டுகளை வஜ்ஜிரப் பசையால் ஒட்டியிருந்தால் நாளைக்குப் பழுது பார்க்கப் பிரிப்பது சுலபம். அதனால் நாதம் கூடுகிறது என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு கம்பெனிகளின் மாதிரிப் பட்டியலைப் பார்த்தால், காசு எங்கே போகிறது என்பது அவர்கள் எண்களிலேயே தெரியும். சீனாவில் கையால் செதுக்கும் ஈஸ்ட்மன் நிறுவனத்தின் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 304, 305, 314, 315. கடைசி எண் 4 என்றால் ஓவல், 5 என்றால் எஃப் துளை. நடு எண் 0 என்றால் ஏ, 1 என்றால் எஃப். முதல் எண்தான் அலங்காரத்தின் படி: 3இல் ஆரம்பித்து 5, 6, 8 என்று ஏறும். இந்த மூன்று இலக்கங்களில் காது முதலில் கேட்பது கடைசி இலக்கத்தை. விலையை அதிகம் ஏற்றுவது மற்ற இரண்டும். டெக்சஸின் காலிங்ஸ் பட்டறை 1999இலிருந்து மாண்டலின் செய்கிறது. அதில் எம்டி என்பது பளபளப்பில்லாத பூச்சு போட்ட எளிமையான ஏ, எம்டி2 அதே ஏ உடம்பு, பளபளப்பும் வரி மேப்பிளும் சேர்த்து, எம்எஃப் என்றால் சுருள் வைத்தது. அவர்களும் மறைப்பதில்லை. பட்டியலை மேலிருந்து கீழே படிப்பதா, கீழிருந்து மேலே படிப்பதா என்பது நம் கையில் இருக்கிறது. நல்ல பட்டறையின் கீழ்ப்படி ஏ-யை வாங்குவது, சாதாரணப் பட்டறையின் உச்சிப்படி எஃப்-ஐ வாங்குவதைவிடப் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. அரை மில்லிமீட்டரில் நிறுத்தத் தெரிந்த கை, நல்ல பட்டறையின் கீழ்ப்படியிலும் உச்சிப்படியிலும் அதே கைதான்.

ஆனால் மதிப்பு என்று இன்னொன்று இருக்கிறது, அது இந்தக் கணக்குக்குள் அடங்காது. லாயிட் லோர் 1922 முதல் 1924 முடியும் வரை கையெழுத்திட்ட எஃப்-5கள்தான் இன்று மாண்டலின் உலகத்தில் உச்ச விலைக்குப் போகிறவை. வந்த காலத்தில் அவை பெரிதாக விற்கவில்லை. மாண்டலின் மோகம் அப்போது வடிந்துகொண்டிருந்தது. 1923 ஜூலை 9ஆம் தேதி கையெழுத்திட்ட ஒன்று, 1940களில் மயாமியில் ஒரு முடிதிருத்தும் கடையில் விலைக்கு இருந்தபோது மாண்டலின் கலைஞர் பில் மன்றோ கண்ணில் பட்டது. புளூகிராஸ் என்ற இசை வகையே அந்த மாண்டலினின் சத்தத்தைச் சுற்றி வளர்ந்தது என்றால் மிகையில்லை. பிறகு வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சத்தத்தைத் தேடி அந்த வடிவத்தை வாங்கினார்கள். 1985இல் யாரோ மன்றோ வீட்டில் புகுந்து அதை இரும்புக் கம்பியால் அடித்து நொறுக்கினார்கள். கிப்ஸன் கம்பெனியைச் சேர்ந்த சார்லி டெரிங்டன் சில்லு சில்லாகச் சேர்த்து ஒட்டிச் சில மாதத்தில் திருப்பிக் கொடுத்தார். மன்றோ அதையே மறுபடி வாசித்தார். அவ்வளவு ஒட்டு, அவ்வளவு பசை உள்ளே போன பிறகும் அது மன்றோவின் மாண்டலினாகவே ஒலித்தது என்றால், அதில் மன்றோவின் பங்கு எவ்வளவு?

இன்னொரு தகவல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். லோர் கையெழுத்திட்டவற்றில் ஏ உடம்பு வைத்ததாக, அதாவது ஏ-5 என்று, அறியப்பட்டது ஒன்றே ஒன்றுதான். இன்று எஃப் துளை வைத்த ஏ மாண்டலின் எதைக் கையில் எடுத்தாலும் அந்த ஒற்றைப் பிள்ளையின் வம்சம்தான். சுருள் இல்லாமல் இதே சத்தம் வரும் என்று 1923லேயே தெரிந்திருக்கிறது. தெரிந்தும், வாங்குகிறவர்கள் சுருளைத்தான் கேட்டார்கள். இப்போதும் கேட்கிறார்கள். விற்கப் போகும்போதும் எஃப்-க்குத்தான் ஆள் அதிகம் வருவார்கள் என்பதால், அதை வெறும் கண்ணின் பேராசை என்று ஒதுக்கவும் முடியவில்லை.

நான் இனி ஒன்று வாங்கினால் என்ன பார்ப்பேன்? முதலில் காகிதத் துண்டு, குதிரைக்கு அடியில். அது சரியில்லை என்றால் மற்ற எதையும் முடிவு செய்ய மாட்டேன். அடுத்து டி ஜோடியில் ஏழிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள ஃபிரெட்டுகள். பல மாண்டலின்கள் ஜி-யில் முழங்கும், ஈ-யில் மணியடிக்கும், நடுவில் இந்த இடத்தில் வந்து தொண்டை கட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சுரமாக மெதுவாக ஏறி, ஏதாவது ஒன்று மட்டும் சட்டென்று செத்து விழுகிறதா என்று கேட்பேன். பிறகு ஈ ஜோடியில் 12க்கு மேலே, ஊசியாகக் குத்துகிறதா, உருண்டையாக இருக்கிறதா. அப்புறம் மிக மிக மெதுவாக வாசிப்பேன். ஓங்கி அடித்தால் எல்லாம் சத்தம் போடும். பிக்கை இறகு மாதிரி பட வைத்தபோதும் சுரம் முழுசாக வந்தால், அந்தப் பலகையைச் சரியான இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பின்பலகையை வயிற்றில் அழுத்திப் பிடிக்காமல் சற்று விலக்கி வாசித்துப் பார்ப்பதும் முக்கியம். அழுத்தினால் பாதி நாதத்தை நம் சட்டையே தின்றுவிடும். கடைசியாக, வேறு யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லி, பத்தடி தள்ளி நின்று கேட்பேன். மடியில் இருக்கும் மாண்டலினின் சத்தம் முன்னால் போகிறது. வாசிக்கிறவனுக்குக் கேட்பது மிச்சம்தான்.

நண்பன் போன வாரம் வந்துவிட்டான். குதிரை விஷயத்தைச் சொன்னதும் வாசித்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. "இதை விற்றுவிடலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தேன்டா" என்றான். சோதனைக் காகிதங்களைக் காட்டினேன், எட்டுக்கு நாலு என்பதையும் சொன்னேன். அப்படியானால் மாற்றிக்கொள்ளலாமா, உன் ஏ-யை எனக்குக் கொடு, இதை நீ வைத்துக்கொள், மீதிக் காசு கொடு என்று விளையாட்டாகக் கேட்டான். சுவரைப் பார்த்து உட்கார்ந்து நான் எழுதியதையெல்லாம் வைத்துப் பார்த்தால், வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னேன். அவன் வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடப்போகும்போது, ஒரு நிமிஷம் என்று நிறுத்தி, அந்தச் சுருளின் உள்மடிப்பைக் கட்டை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தேன். அவன் பார்த்துவிட்டான், மீதிக் காசு எவ்வளவு என்று சொல்லட்டுமா என்று கேட்டுக்கொண்டே பெட்டியைப் பூட்டினான்.